வளையம் கொடுத்த வாக்கு

ஒரு கேமரா அமைப்பைக் கைவிட்டு அதன் போட்டி அமைப்புக்கு மாறலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், கேமராக்காரர்கள் பாடி என்று சொல்லும் பெட்டியைப் பற்றியே பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது. எத்தனை மெகாபிக்சல், வினாடிக்கு எத்தனை படம், மங்கிய வெளிச்சத்தில் எவ்வளவு தெளிவு என்பவையே அங்கே அளவுகோல்கள். ஆனால் இரு அமைப்புகளை உண்மையில் பிரித்து நிறுத்துவது, பெட்டியின் முகப்பில் லென்ஸ் வந்து பூட்டிக்கொள்ளும் இடத்தில் பதிந்திருக்கும் உலோக வளையம். மவுண்ட் எனப்படும் இவ்வளையத்தின் உள்விட்டம், அதிலிருந்து ஃபிலிமோ சென்சாரோ இருக்கும் தளம் வரையுள்ள தொலைவு, லென்ஸைப் பற்றிக்கொள்ளும் பற்களின் அமைப்பு ஆகிய மூன்றும் ஒருமுறை முடிவாகிவிட்டால் பிறகு எளிதில் மாற்ற முடியாதவை, ஏனெனில் மாற்றினால் அதுவரை விற்ற லென்ஸ்கள் அத்தனையும் புதிய பெட்டிக்கு அந்நியமாகிவிடும். ஆகவே மவுண்ட் என்பது, இன்று லென்ஸ் வாங்குகிறவருக்கு அதைச் செய்தவர் கொடுக்கும் ஒரு வாக்கு. அந்த வாக்கு எங்கே காப்பாற்றப்பட்டது, எங்கே முறிந்தது என்று பார்க்காமல் மாற்றத்தின் லாப நட்டத்தைக் கணக்கிட இயலாது. இதற்கு நிக்கான், கேனன் என்னும் இரு ஜப்பானிய நிறுவனங்களின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இவ்விரண்டும் பகைவர்களாகப் பிறந்தவை அல்ல. கேனனின் முன்னோடிகள் 1934இல் உருவாக்கிய மாதிரிக் கேமராவுக்கு, ஜப்பானியர் கன்னோன் என்று வணங்கும் போதிசத்துவரின் பெயரைத் தழுவி, குவானன் என்று பெயரிட்டார்கள். அவர் வேறு யாருமல்லர், அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று வீரசோழியம் சொல்லும் அவலோகிதரேதான். இரண்டாண்டுகள் கழித்துச் சந்தைக்கு வந்த ஹான்சா கேனனில் பொருத்தப்பட்டிருந்த லென்ஸோ, இராணுவத்துக்குக் கண்ணாடிக் கருவிகள் செய்துவந்த நிப்பான் கோகாக்கு நிறுவனத்தின் நிக்கோர். அந்நிறுவனமே பின்னாளில் நிக்கான் ஆனது. முதல் கேனன், நிக்கானின் கண்கொண்டுதான் உலகைப் பார்த்தது.

நிக்கோர் லென்ஸின் புகழ் கடல் கடந்ததும் ஒருவகை மாற்றத்தின் வழியாகவே. ‘லைஃப்’ இதழின் ஒளிப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் 1950இல் டோக்கியோவில் இருந்தபோது நிக்கோர் லென்ஸ்களைச் சோதித்துப் பார்த்து, தமது ஜெர்மானிய லைக்காவில் அவற்றைப் பூட்டிக்கொண்டு கொரியப் போருக்குச் சென்றார். அவர் பெட்டியை மாற்றவில்லை, கண்ணை மட்டும் மாற்றினார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு நிறுவனத்தின் லென்ஸ் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் இயல்பாக ஏறிய காலம் அது. அக்கதவு பின்னர் மெல்ல அடைபட்டது.

1959இல் நிக்கான் எஃப் என்னும் கேமராவோடு எஃப் மவுண்ட் பிறந்தது. லென்ஸ் வழியாக வரும் காட்சியைச் சாய்ந்த கண்ணாடியொன்று மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் வகைக் கேமரா அது. கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டியிருந்ததால், மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தொலைவு விடப்பட்டது. உள்விட்டம் 44 மி.மீ. இந்த இரண்டு எண்களும் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு நிக்கானின் தலையெழுத்தாயின. கேனன் அக்காலத்தில் கையாண்ட பூட்டு தனி அழகுடையது: 1971இல் வந்த எஃப்டி வரிசையில் லென்ஸைத் திருகுவதே இல்லை, லென்ஸை நேராக வைத்து, அதன் அடிப்பகுதியிலுள்ள வளையத்தை மட்டும் திருகி இறுக்க வேண்டும். ஒன்றோடொன்று பொருந்தும் உலோகப் பரப்புகள் உராய்வதில்லை என்பதால் எத்தனை ஆண்டுகள் கழற்றி மாட்டினாலும் அவை தேய்வதில்லை. பொறியாளரின் மனத்துக்கு இது நிறைவான தீர்வு. அவசரத்தில் ஒற்றைக் கையால் லென்ஸ் மாற்ற வேண்டியவருக்கு அவ்வளவு உகந்ததல்ல.

கேமரா தானாகவே குவியத்தைக் கண்டறிந்து லென்ஸைச் சரிசெய்யும் ஆட்டோஃபோகஸை 1985இல் மினோல்டா பரவலாக்கியதும், இரு நிறுவனங்களும் ஒரே கேள்வியை எதிர்கொண்டன: லென்ஸை நகர்த்தும் மோட்டாரை எங்கே வைப்பது? நிக்கான் அதைப் பெட்டிக்குள் வைத்து, திருப்புளி முனை போன்ற ஒரு சிறு தண்டின் வழியாக லென்ஸைச் சுழற்றியது. பழைய மவுண்ட் அப்படியே நீடித்தது. கேனனோ 1987இல் ஈஓஎஸ் 650 கேமராவோடு எஃப்டியைக் கைவிட்டு, ஈஎஃப் என்ற புதிய மவுண்டைக் கொண்டுவந்தது. அதன் உள்விட்டம் 54 மி.மீ.; நெம்புகோலும் இல்லை, தண்டும் இல்லை; மோட்டாரும், ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் பொறியும் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் சென்றுவிட, பெட்டியும் லென்ஸும் மின்தொடர்புகளின் வழியாக மட்டும் பேசிக்கொண்டன.

இதன் கொடுமையை இரண்டு எண்கள் உணர்த்தும். நீண்ட தொலைவுக்கென வடித்த லென்ஸைக் குறுகிய தொலைவுள்ள பெட்டியில், இடைவெளியை நிரப்பும் ஒரு வளையத்தின் உதவியால் பொருத்திவிடலாம். தலைகீழாகச் செய்ய வேண்டுமானால் லென்ஸ் பெட்டிக்குள் அமிழ வேண்டும், இல்லையேல் தொலைதூரக் காட்சி குவியாது. எஃப்டியின் தொலைவு 42 மி.மீ., ஈஎஃபின் தொலைவு 44 மி.மீ. ஆகவே கேனனின் சொந்தப் பழைய லென்ஸ்கள், இடையில் திருத்தக் கண்ணாடி ஒன்றைச் சேர்த்தாலன்றி, கேனனின் புதிய பெட்டியில் முழுமையாக இயங்கா. போட்டியாளரான நிக்கானின் 46.5 மி.மீ. லென்ஸோ, 2.5 மி.மீ. தடிமனுள்ள வளையம் ஒன்றிருந்தால், கையால் குவியமும் துளையும் திருப்பிக்கொள்ளச் சம்மதிப்பவருக்கு அதே பெட்டியில் நன்றாகவே வேலை செய்யும். பிள்ளைக்கு அடைத்த கதவு விருந்தாளிக்குத் திறந்திருந்தது. எஃப்டி லென்ஸ்களில் பெரும்பொருள் போட்டவர்கள் சினந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த முறிவு வாங்கித் தந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். லென்ஸின் வேகம் என்று சொல்லப்படும் எஃப் எண், குவியத் தொலைவை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது, 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 என்றால் துளை ஏறக்குறைய 36 மி.மீ., எஃப் 1.0 என்றால் முழு 50 மி.மீ. அகன்ற வாயுள்ள ஈஎஃப் மவுண்டில் கேனன் 1989இல் எஃப் 1.0 லென்ஸை ஆட்டோஃபோகஸோடு செய்து காட்டியது. நிக்கானின் எஃப் மவுண்டிலோ ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் கடைசிவரை எஃப் 1.4ஐத் தாண்டவில்லை. விளையாட்டுத் திடல்களின் ஓரத்தில் வெள்ளை நிறத் தொலைநோக்கு லென்ஸ்கள் வரிசைகட்டத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். லென்ஸுக்குள்ளேயே, அதன் எடைக்கேற்ற ஆற்றலோடு அமைந்த மோட்டார், பெட்டியிலிருந்து தண்டு வழியாகத் திருப்பும் மோட்டாரைவிட விரைவாகவும் ஓசையின்றியும் இயங்கியது. அந்த ஆண்டுகளில் நிக்கானிலிருந்து கேனனுக்கு மாறிய விளையாட்டுப் படக் கலைஞர்கள் பெட்டியின் பளபளப்பில் மயங்கியவர்கள் அல்லர். மவுண்டின் தர்க்கத்தைப் படித்தவர்கள்.

டிஜிட்டல் காலத்தின் மாற்றங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் முழு அளவுள்ள சென்சாரைக் கேனன் 2002இல் ஈஓஎஸ் 1டிஎஸ் கேமராவில் கொண்டுவந்தது. நிக்கான் அதைவிடச் சிறிய சென்சாரோடு நின்றது. சிறிய சென்சாரில் அகலக்கோண லென்ஸ் தன் அகலத்தை இழப்பதால், நிலக்காட்சிக் கலைஞர் பலர் கட்சி மாறினார்கள். 2007இல் நிக்கான் டி3 முழுச் சட்டத்தோடு வந்தது மட்டுமல்லாமல், ஐஎஸ்ஓ 6400 என்ற ஒளியுணர்திறனில், அதாவது மாலை மங்கிய அரங்குகளில், அதுவரை கண்டிராத தூய்மையான படங்களைத் தந்தது. இப்போது ஊர்வலம் எதிர்த்திசையில் நகர்ந்தது. முன்னதாக மாறியவர் விற்றுவிட்டுப் போன வீட்டிலேயே, அவர் தேடிப்போன பொருள் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்துவிட்டது. சென்சாரை நம்பி மாறுவது அங்காடியில் அன்றைய விலை பார்த்து நிலம் வாங்குவது போன்றது.

இதற்கெல்லாம் மேலாக, கணக்கில் சேராத ஓர் இழப்பு இருக்கிறது. அது கையின் இழப்பு. முன்புறமிருந்து பார்க்கையில் கேனன் லென்ஸ் கடிகார முள்ளின் திசையில் திரும்பிப் பூட்டும், நிக்கான் லென்ஸ் அதற்கு எதிராக. குவிய வளையமும் ஜூம் வளையமும்கூடப் பொதுவாக இரண்டிலும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்பவை. நிக்கானில் முன்னும் பின்னுமாக இரு சிறு சக்கரங்களை ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் பங்கிட்டுக்கொள்ள, கேனனின் உயர்வகைப் பெட்டிகளில் 1989 முதல் முதுகில் ஒரு பெரிய வட்டைக் கட்டைவிரல் ஒன்றே உருட்டுகிறது. ஒளியளவு கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் கோட்டில் நிக்கான் பல ஆண்டுகள் கூட்டற்குறியை இடப்பக்கம் வைத்திருந்ததைச் சொன்னால், கேனன்காரர் நம்ப மறுப்பார். இவை தனித்தனியே அற்பமானவை. ஆனால் பறவை கிளையை விட்டு எழும் கணத்தில் அறிவு விலகிக்கொள்ள, கை மட்டுமே வேலை செய்கிறது. வீணைக் கலைஞரிடம் மெட்டுகள் வலமிடம் மாறிய வீணையைக் கொடுத்தால், அவருக்கு ராகம் மறந்துபோவதில்லை; ஆனால் கச்சேரி நடக்காது. மாறியவர்களில் பலர் முதல் சில மாதங்களின் படங்களைப் பார்த்துப் புதிய கேமராவைக் குறை சொல்வது, தம் விரல்களின் பழியை அதன்மேல் ஏற்றுவதேயாகும்.

பணக் கணக்கை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை: விற்கும்போது எல்லாம் பழையது, வாங்கும்போது எல்லாம் புதியது. ஃபிளாஷ், மின்கலம், மின்னேற்றி எதுவும் எல்லை தாண்டுவதில்லை. ஃபிளாஷ் விளக்கை அதன் அடியிலுள்ள மையத் தொடர்பு பெரும்பாலான பெட்டிகளில் மின்ன வைக்கும்தான், ஆனால் சுற்றியுள்ள நுண்தொடர்புகள் ஊமையாகிவிடும்.

கண்ணாடியற்ற கேமராக்கள் வந்ததும் இக்கணக்கின் அடித்தளமே அசைந்தது. உள்ளே எழுந்து விழும் கண்ணாடி இல்லையென்றால் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே பெரிய தொலைவு தேவையில்லை. சோனியின் ஈ மவுண்டில் அது 18 மி.மீ. மட்டுமே. 2013இல் முழுச் சட்ட ஏ7 வரிசை வந்தபோது அந்த வெற்றிடத்தில் ஏறத்தாழ எந்த லென்ஸையும் அடாப்டர் வழியாக வைக்க முடிந்தது. அவற்றுள் கேனன் ஈஎஃப் லென்ஸ்களுக்குத் தனி வசதி இருந்தது. அவை மின்மொழி மட்டுமே பேசியதால், அடாப்டருக்குள் ஒரு துபாஷியை உட்கார வைத்தால் போதும், ஆட்டோஃபோகஸும் இயங்கியது. லென்ஸை விற்காமல், பெட்டியை மட்டும் மாற்றிப் பார்க்கும் வழி டங்கன் காலத்துக்குப் பின் மீண்டும் திறந்தது. 2020இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் ஒளிப்படக் கலைஞர்களுக்கு சோனியைத் தேர்ந்தபோது, இரு பழைய நிறுவனங்களின் சண்டையாக இருந்தது மும்முனைப் போட்டி ஆகிவிட்டது உறுதியாயிற்று.

2018இல் நிக்கானும் கேனனும் கண்ணாடியற்ற கேமராக்களுக்கெனத் தத்தம் புதிய வளையங்களை ஒரே ஆண்டில் கொண்டுவந்தன. இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. 1987இல் வாக்கை முறித்த கேனனால் இம்முறை அதை முழுமையாகக் காப்பாற்ற முடிந்தது: ஈஎஃப் லென்ஸ்கள் தொடக்கம் முதலே மின்மொழி பேசியவை என்பதால், எளிய அடாப்டர் ஒன்றின் வழியாக அவை புதிய ஆர்எஃப் மவுண்டில் முன்பு போலவே இயங்கின. அறுபதாண்டு வாக்குத் தவறாத நிக்கானோ, பழைய லென்ஸ்களைச் சுழற்றிய தண்டையும் மோட்டாரையும் அடாப்டரில் வைக்கவில்லை. தனக்குள் மோட்டார் உள்ள லென்ஸ்கள் தாமாகக் குவிந்தன, தண்டை நம்பிய லென்ஸ்கள் கைத்திருப்புக்குத் திரும்பின. ஒருமுறை கடுமையாக முறித்தவர் பின்னர் எளிதில் நாணயமானவரானார். ஒருபோதும் முறிக்காதவர் சிறுகச் சிறுகக் கடன்பட்டிருந்தார். எனவே மாறுவதற்கு ஏற்ற காரணம், தன் மவுண்ட் ஒருபோதும் தரமுடியாத ஒரு லென்ஸ் பக்கத்து மவுண்டில் இருப்பது ஒன்றே என்று கொள்வதில் தவறிருக்காது. மற்றவற்றுக்குப் பொறுத்திருந்தால் அவை வீடு தேடி வரும்.

நிக்கானின் புதிய இசட் மவுண்டின் உள்விட்டம் 55 மி.மீ., தொலைவு 16 மி.மீ. அந்த அகன்ற வாயில் 2019இல் 58 மி.மீ. எஃப் 0.95 லென்ஸ் ஒன்றை, நாக்ட் என்னும் பெயரில், நிக்கான் செய்தது. பழைய 44 மி.மீ. வளையத்தில் அதை எண்ணிப் பார்க்கவும் முடியாது. அந்தப் பெயர் 1977இன் நாக்ட் நிக்கோரிடமிருந்து வந்தது. இரவில் தெருவிளக்குகள் படத்தின் ஓரங்களில் சிறகு விரித்த பூச்சிகளாகச் சிதறாமல் புள்ளிகளாகவே நிற்க வேண்டும் என்பதற்காக, முகப்புக் கண்ணாடியைக் கோளவடிவிலிருந்து விலக்கிக் கையால் தேய்த்துச் செய்த எஃப் 1.2 லென்ஸ் அது. புதிய பெட்டியில் அந்தப் பழைய லென்ஸைப் பொருத்த விரும்புகிறவருக்கு நிக்கான் விற்கும் அடாப்டரை எடுத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் கண்ணாடி எழுந்து விழுவதற்கென விடப்பட்ட இடத்துக்கு ஈடாக, 30.5 மி.மீ. காற்று மட்டுமே இருக்கிறது, லென்ஸும் முன்பு திரும்பிய திசையிலேயே திரும்பிப் பூட்டிக்கொள்கிறது.