ஊர் திரும்பிய போலெக்ஸ்

அன்னிய மண்ணில் வாழ நேர்ந்தவர்கள் தங்கள் பூர்வீக ஊரைப் பற்றிப் படமெடுக்கப் புகுந்தால், பழைய வீடொன்றை வாடகைக்குப் பிடித்து, நடிகர்களுக்கு அந்தக் காலத்து உடுப்பை மாட்டி, வயலினை அழவிட்டு, கடைசியில் நம்மையும் அழவைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஓய்வார்கள். இந்த உபசாரங்களில் ஒன்றையும் செய்யாமல், கைக்கு அடக்கமான ஒரு 16 மில்லிமீட்டர் போலெக்ஸ் காமிராவை மட்டும் நம்பி, லிதுவேனியக் கவிஞரான ஜோனாஸ் மேக்காஸ் 1972-இல் வெளியிட்ட ‘லிதுவேனியப் பயண நினைவுகள்’ என்னும் படத்தை, அவ்வகைச் சிருஷ்டிகளுள் தலையாயதென்று நான் கருதுகிறேன்.

செமெனிஷ்கியாய் என்ற குக்கிராமத்தில் 1922-இல் பிறந்த மேக்காஸ், யுத்த காலத்தில், 1944-இல், தம்பி அடோல்ஃபாஸுடன் ஊரைவிட்டுத் தப்பி, வழியில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, ஹாம்பர்க்கை அடுத்த எல்ம்ஸ்ஹார்னில் கட்டாய வேலை முகாமில் உழன்று, யுத்தம் ஓய்ந்த பிறகும் அகதி முகாம்களில் காலம் தள்ளி, 1949-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். சேர்ந்த கையோடு கடன்பட்டு அவர் வாங்கிய முதல் சொத்து காமிராதான். அப்போது சோவியத் யூனியனுக்குள் அடங்கியிருந்த சொந்த ஊரையும், அங்கே காத்திருந்த தாயையும் மறுபடி காண 1971 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பிரயாணத்துக்கு அவர் கொண்டுபோன போலெக்ஸ் ஒரு பழுதான யந்திரம். ஒரே வேகத்தில் ஓடாமல் அது தன்னிச்சையாக விரைந்தும் தளர்ந்தும் சென்றதால், பிலிமில் விழும் வெளிச்சமும் அதற்கேற்ப மாறிக்கொண்டே இருந்தது. வேறொருவராயின் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேக்காஸோ, அந்தக் குறையையே தம் பாணியின் அங்கமாக அங்கீகரித்துக்கொண்டார். தாயார் முற்றத்தில் அடுப்பு மூட்டி உருளைக்கிழங்கு அடை சுடுகிறார். அவர் முகம் ஒரு க்ஷணம் வெயிலில் கரைந்து வெளுத்து, மறு க்ஷணமே நிழலில் அமிழ்ந்து, மீண்டும் தெளிகிறது. அதைப் பார்க்கும்போது, கால் நூற்றாண்டுக் காலம் மனத்தில் மட்டும் பார்த்துவந்த ஒரு முகத்தை நேரில் காண்பவனின் கண் வேறெப்படித்தான் நிலைகொள்ளும் என்று தோன்றுகிறதே தவிர, யந்திரக் கோளாறு என்ற பிரக்ஞையே எழுவதில்லை.

ஊர்ப் பகுதி முழுவதும் எண்ணிட்ட சிறுசிறு காட்சிகள்தாம்: கிணற்றுத் தண்ணீர், காட்டுப் பழங்கள், நடுவயதைத் தாண்டிய சகோதரர்கள் சிறுபிள்ளைகளாகி அரிவாளையும் கலப்பையையும் வைத்துக்கொண்டு அடிக்கும் கூத்து. சில காட்சிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடுகின்றன. அவற்றின்மேல் மேக்காஸின் குரல், அயல் உச்சரிப்பு மாறாத ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் பேசிச் செல்கிறது. சோவியத் ஆட்சியில் அந்த ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் படம் சொல்லவில்லையே என்று குறைப்படுவோர் உண்டு. இடம்பெயர்க்கப்பட்டவராகிய தாம் வீட்டின் அடையாளங்களைத் தேடி வந்தவரே அன்றி, சமூக நிலவரம் எழுத வந்தவரல்ல என்று அவரே படத்தில் ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு, இக்குறையில் எனக்கு அவ்வளவாகச் சாரம் தெரியவில்லை.

இதன்பின் எல்ம்ஸ்ஹார்ன் வழியாக வியன்னாவுக்குப் போகும் இறுதிப் பாகம், பீட்டர் குபெல்கா முதலிய நண்பர்களின் சகவாசமும் மடாலயத் தரிசனமுமாகச் சற்று நீண்டுவிட்டது என்றே சொல்வேன். ஆயினும் படத்தின் முடிவில் வியன்னாவின் பழைய சந்தையொன்று தீப்பற்றி எரிகிறது; நவீனச் சந்தை கட்டும் ஆசையில் நகரத்தாரே கொளுத்தியிருக்கக் கூடுமென்ற குபெல்காவின் சந்தேகத்தை மேக்காஸ் நம்மிடம் சொல்கிறார். தம் கிராமத்தை விட்டு ஓடியவர், நண்பனுடைய ஊர்ச் சந்தைக்காக இப்படி ஆதங்கப்படும் ஓரிடத்துக்காகவே, அந்தப் பாகத்தின் நீளத்தை நான் மன்னித்துவிடுவது வழக்கம்.