கூல் பூங்காவும் யேட்சின் கவிதையும்

ஓர் இடத்தைப் பாடிய கவிதை, அந்த இடம் அழிந்த பின்னரும் வாழ்வதுண்டு. அவ்வாறு வாழும்போது, கவிதை சொன்னதே அவ்விடத்தின் முழு வரலாறு எனப் பின்வந்தோர் கொள்வதும் உண்டு. அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தில், கோர்ட் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள கூல் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும்.

அங்குச் செல்வோர் காண விரும்பும் மாளிகை இன்று அங்கில்லை. 1941ஆம் ஆண்டில் அது இடித்துத் தள்ளப்பட்டது. எஞ்சியிருப்பன, மாளிகை நின்ற இடத்தைக் காட்டும் தாழ்ந்த கல்மேடையும், மதில் சூழ்ந்த தோட்டமும், அடர்ந்த காடும், அன்னங்கள் வந்து தங்கும் ஏரியுமே. ஆயினும் பயணிகள் வந்தவண்ணம் இருக்கின்றனர். அவர்களை அழைத்து வருவது கல்லன்று, கவிதை.

புரவலரும் புலவரும்

அக்கவிதைகளைப் பாடியவர் வில்லியம் பட்லர் யேட்ஸ் (1865–1939). தாகூரின் ஆங்கிலக் கீதாஞ்சலிக்கு 1912இல் முன்னுரை வழங்கியவர் என்ற வகையில், அவர் பெயர் தமிழ் மாணவர்க்கு முற்றும் புதிதன்று. 1923இல் அவர் நோபல் பரிசு பெற்றார். கூல் மாளிகையின் தலைவியான கிரெகரி சீமாட்டியார் (1852–1932) அவருக்குப் புரவலராகவும் தோழியாகவும் விளங்கினார். கவிஞர் பல கோடைகளை அம்மாளிகையில் கழித்தார்.

சீமாட்டியார் வெறும் விருந்தோம்புநர் அல்லர். அயரிய மொழியைக் கற்று, தம் அயலில் வாழ்ந்த உழவர் வாய்மொழியாக வழங்கிய கதைகளைத் திரட்டினார். 1902இல் கூகுலின் என்னும் பழம்பெரும் வீரனின் கதையை நூலாக்கினார். 1899இல் அயர்லாந்து இலக்கிய அரங்கமும், 1904இல் டப்ளினில் ஆபி நாடக அரங்கமும் தோன்ற உழைத்தோருள் அவரும் ஒருவர். அவர் தோட்டத்தில் நிற்கும் செந்நிற இலைகளையுடைய பீச் மரத்தின் பட்டையில் யேட்ஸ், பெர்னார்ட் ஷா, சிஞ், ஷான் ஓ கேசி முதலியோர் செதுக்கிய பெயரெழுத்துகளை இன்றும் காணலாம். ஒரு நாட்டின் மறுமலர்ச்சி இலக்கியம் ஒரு மரத்தடியில் கூடியிருந்தமைக்கு அம்மரமே சான்று.

சாவுக்கு முன்னரே ஓர் இரங்கற்பா

1927இல் கூல் நிலம் அரசுக்கு விற்கப்பட்டது. தாம் தலைவியாய் வாழ்ந்த மாளிகையிலேயே சீமாட்டியார் வாடகைக்கு இருக்கலானார். இந்நிலையில் யேட்ஸ் இயற்றியதே ‘கூல் பூங்கா, 1929’ என்னும் பாடல். தமிழிலக்கணம் கூறும் கையறுநிலை, தலைவர் இறந்தபின் பாடப்படுவது. இங்கோ தலைவியும் உயிரோடிருக்கிறார், மாளிகையும் நிற்கிறது. இரண்டின் மறைவையும் முன்னதாகவே கண்டு கவிஞர் இரங்குகிறார்.

அப்பாடலில் அங்கு வந்துபோன டக்ளஸ் ஹைடு, சிஞ், சீமாட்டியாரின் மருமக்களான ஷா டெய்லர், ஹியூ லேன் ஆகியோர் நினைவுகூரப்படுகின்றனர். தகைவிலான் குருவிகளைப் போல் அவர்கள் வந்தார்கள், சென்றார்கள். எனினும் ஒரு பெண்ணின் மனவலிமை அவர்களைத் தத்தம் குறிக்கோளில் நிலைபெறச் செய்தது என்பது கவிஞர் கருத்து. இறுதியில் அவர் வருங்காலப் பயணியையும் அறிஞரையும் கவிஞரையும் விளிக்கிறார். அறைகள் அழிந்து, இடிபாடுகளின்மேல் காஞ்சொறி படர்ந்திருக்கும் நாளில் இங்கு வந்து நில்லுங்கள். கதிரொளிக்கு முதுகு காட்டி, கண்களை நிலத்தில் பதித்து, அந்தப் பெருமாட்டியை ஒரு கணம் நினையுங்கள் என வேண்டுகிறார். பன்னிரண்டே ஆண்டுகளில் மாளிகை மறைந்தது. இன்று அங்கு நிற்கும் பயணி, தன்னையறியாமலே அந்த வேண்டுகோளை நிறைவேற்றுகிறான்.

சில கல் தொலைவிலுள்ள பாலிலீ கோபுரமும் இத்தகையதே. பழைய நார்மன் குடியினரின் அக்கற்கோபுரத்தை 1917இல் 35 பவுனுக்கு வாங்கி, தம் மனைவிக்காகப் புதுப்பித்தார் யேட்ஸ். மீண்டும் யாவும் பாழாகும் என்று கல்வெட்டுக்கெனத் தாம் யாத்த சிறுபாடலிலேயே அவர் உணர்த்தினார். அவ்வாறே பாழாகி, 1965இல் செப்பனிடப்பட்டு, அது காட்சியிடமாயிற்று. அழிவைப் பாடிய சொல்லே அழிவிலிருந்து அக்கோபுரத்தை மீட்டது எனலாம்.

பாடல் கூறாத பகுதி

இதுவரை கவிதையின் வெற்றி. இனி நோக்க வேண்டியது அதன் மௌனம்.

கூல் நிலத்தை 1768இல் வாங்கிய ராபர்ட் கிரெகரி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் பொருளீட்டித் தாயகம் திரும்பியவர். மாளிகையின் அடிக்கல்லுக்குக் கீழே இந்தியாவின் செல்வம் இருந்தது. சீமாட்டியாரின் கணவர் வில்லியம் கிரெகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். கொழும்பு அருங்காட்சியகம் அவர் ஆட்சியில் எழுந்தது. நுவரெலியாவின் ஏரி அவர் பெயரைத் தாங்குகிறது. அவ்வாண்டுகளில் அத்தீவின் காப்பித் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்ற ஏழை மக்கள் உழைத்துக்கொண்டிருந்தனர் என்பதும் உடன் எண்ணத்தக்கது.

அதற்கும் முன்னர், 1847இல், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, அவர் கொண்டுவந்த ஒரு விதி ‘கிரெகரி விதி’ என்றே வரலாற்றில் வழங்குகிறது. அது பெரும்பஞ்சக் காலம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்கு அரசின் உதவியில்லை என்றது அவ்விதி. உண்ண வேண்டுமாயின் உழவன் நிலத்தைக் கைவிட வேண்டும்; நிலத்தைக் கைவிடாவிடில் குடும்பத்தோடு பட்டினி கிடக்க வேண்டும். எண்ணற்றோர் நிலம் துறந்தனர். அவர்தம் குடிசைகள் தரைமட்டமாயின. அவர்களுக்குக் கல்மேடையும் எஞ்சவில்லை, கவிஞனும் வாய்க்கவில்லை.

கவிஞர் அறியாதவரா?

கவிஞன் வரலாற்றாசிரியன் அல்லன். நன்றிக்கடனாகப் பாடிய பாட்டில் பழிகளைத் தேடுவது முறையன்று எனச் சிலர் கூறலாம். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் யேட்ஸ் இவ்வுண்மையை அறியாதவர் அல்லர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் எழுதி 1923இல் வெளியிட்ட தொடர்பாடலின் முதற்பகுதியான ‘மூதாதையர் மாளிகைகள்’ இதனைக் காட்டும். செல்வரின் எழில்மிகு மாளிகைகளையும் தோட்டங்களையும் எழுப்பியவர்கள் வன்மமும் கசப்பும் மிக்கவர்களே என்று அதில் அவரே கூறுகிறார். அந்த வன்மத்தை நீக்கினால் மாளிகையின் பெருமையும் உடன் நீங்கிவிடுமோ என்றும் ஐயுறுகிறார்.

பொதுவாகப் பேசுமிடத்தில் துணிவாகச் சொன்ன இவ்வுண்மையை, கூல் என்று பெயர் சுட்டிப் பாடுமிடத்தில் அவர் சொல்லவில்லை. 1910இல் வெளியான தொகுப்பில், நிலக்கிளர்ச்சியால் அசைவுற்ற ஒரு மாளிகைக்காக அவர் பரிந்து பேசினார். அது வீழ்வதால் உலகுக்கு என்ன நலம் என வினவினார். கிளர்ந்தெழுந்த குடியானவரின் குரல் அப்பாடலில் கேட்கவில்லை. அறியாமையால் நேரும் மௌனம் வேறு. அன்பினால் நேரும் மௌனம் வேறு. யேட்சினுடையது பின்னது. அதனால் அது மன்னிக்கத்தக்கதாகலாம், மறக்கத்தக்கதாகாது.

இக்குறையால் ‘கூல் பூங்கா, 1929’ சிறுமையுறுவதில்லை. ஒரு பெண் தன் மனவலிமையால் ஓர் இல்லத்தை இலக்கியத்தின் உறைவிடமாக்கினாள் என்று அது கூறுவது மெய். எந்தக் குடியானவரின் முன்னோரை அவ்விதி வாட்டியதோ, அந்த மக்களின் கதைகளையே அம்மாளிகையின் தலைவி கேட்டு எழுதினார் என்பதும் மெய். எனினும் அம்மெய் ஒரு பாதி. மறுபாதியைக் கவிதைக்கு வெளியே கற்றறிந்து சேர்ப்பது வாசகன் கடமை. புகழ்ப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், பாடப்பட்டவரோடு பாடப்படாதவரையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்துதல் வேண்டும்.

கூல் பூங்காவில் நிற்பவன் கண்களை நிலத்தில் பதிக்க வேண்டும் என்பது யேட்சின் விருப்பம். அவ்வாறே பதிக்கட்டும். அந்நிலத்தில் மாளிகையின் கல்மேடை தெரியும். சற்றே கூர்ந்து நோக்கினால், கால் ஏக்கருக்காகத் தவித்த மக்கள் உழுத மண்ணும் தெரியும்.