மாத்தளைக் கலகமும் மன்னார்ப் பாதையும்

ஓர் அரசு கடல் கடந்து நடத்தும் போர் அவ்விடத்திலேயே முடிந்துவிடுவதில்லை. ஆளும் நாட்டின் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் மக்கள் மனத்திலும் அது மீண்டும் ஒருமுறை நடைபெறுகின்றது. இதற்கு ஈழநாட்டு வரலாறு தரும் தெளிவான சான்று 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கலகமாகும். அக்கலகத்தை அடக்கிய முறைகேடு இலண்டனில் வெளிப்பட்டது; தேசாதிபதி பதவி இழந்தார்; ஆகவே ஆங்கில மக்களின் நீதியுணர்ச்சி வென்றது என்று கூறுவாருளர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

1847இல் தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு, பிரதமர் ஜோன் ரசல் பிரபுவின் உறவினர்; குடியேற்ற நாடுகளின் ஆட்சியில் முன்பழக்கம் இல்லாதவர். கோப்பி விலை வீழ்ந்து அரசின் வருவாய் குன்றியிருந்த அக்காலத்தில், துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் அவர் வரி விதித்தார். ஆண்டில் 6 நாள் வீதிவேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என்றும் சட்டம் செய்தார். 1848 யூலையில் கண்டிநாட்டு மக்கள் திரண்டெழுந்தனர். கொங்கலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடினார். விரைவிலேயே இராணுவச் சட்டம் பிறந்தது. எழுச்சி சில நாட்களில் தணிந்தது. அரசின் படையில் ஒருவரேனும் இறந்திலர். எனினும் இராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாத இறுதியிற் குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார்.

இச்செயல்களை உலகறியச் செய்தது பத்திரிகையே. 'கொழும்பு ஒப்சேவர்' ஆசிரியராகிய வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட், கலகத்துக்கு முன்னரே புதிய வரிகளைக் கண்டித்தவர். பிரதிநிதித்துவம் இல்லாத மக்கள்மீது வரி சுமத்துதல் முறையன்று என்பது அவர் பக்கத்து வாதம். அவ்வாண்டு பெப்ரவரியில் பாரிஸ் நகரத்து மக்கள் தம் அரசனைத் துரத்தியிருந்தனர். அக்காற்று இங்கும் வீசுமென்று அஞ்சிய டொரிங்டன், கலகத்தைத் தூண்டியது அப்பத்திரிகையே எனப் பழித்தார். பழிக்கப்பட்டவரோ வாளாவிருந்திலர். கொழும்பில் அச்சேறிய செய்தி, கப்பலேறி இலண்டன் அரசியலாருக்கு ஆயுதமாயிற்று.

1849 பெப்ரவரியில் பாராளுமன்ற உறுப்பினர் பெயிலி விசாரணை கோரினார். சிக்கனவாதியும் சீர்திருத்தவாதியுமாகிய ஜோசப் ஹியூம் அவருக்குத் துணைநின்றார். தெரிகுழு அமைந்தது. தேரரின் காவியுடையும், கப்டன் வொட்சன் பெயரால் வெளிவந்த அறிக்கைகள் மெய்யோ பொய்யோ என்னும் வினாவும் இலண்டனிற் பேச்சாயின. 1850இல் டொரிங்டன் பதவி நீங்கினார். செயலாளர் எமர்சன் டெனன்ட், உயர் அலுவலர் வோடவுஸ் ஆகியோரும் இலங்கைப் பதவிகளை இழந்தனர். ஆயினும் 1851இல் அரசைக் கண்டிக்கும் பெயிலியின் பிரேரணை தோல்வியுற்றது.

விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. வெறுக்கப்பட்ட வரிகளுட் பெரும்பாலன நீங்கின. இராணுவச் சட்டமும் பின்னர் ஒருநாட் கேள்விக்கு உட்படும் என்ற அச்சம் ஆள்வோர் உள்ளத்தில் விழுந்தது. எனினும் ரசல் அரசை வீழ்த்த விரும்பிய எதிர்க்கட்சியாருக்கும், குடியேற்ற நாடுகளின் செலவைச் சுருக்க விரும்பியோருக்கும் மாத்தளை ஒரு வாய்ப்பாக அமைந்ததென்பதை மறத்தலாகாது. பதவிகள் கைமாறின, கொலைக்காக எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறினாரல்லர்.

இனி அதே காலத்து மன்னார்ப் பக்கத்தை நோக்குதல் வேண்டும். இராமநாதபுரம் முதலிய சீமைகளின் ஏழைகள் தோணியேறித் தலைமன்னார், அரிப்பு முதலிய கரைகளில் இறங்கினர். அங்கிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். நீரின்மையும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழியெங்கும் அவர்களைக் கொண்டுசென்றன. 1841 முதல் 1849 வரை வந்தோருள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மாண்டனர் என்று 1849இல் கணக்கிட்டதும் அதே 'ஒப்சேவர்' பத்திரிகையே. அத்தொகை மிகையெனக் கருதும் ஆய்வாளர் உளர். அதிற் பாதியே உண்மையாயினும், கலகத்தில் மாண்டோர் தொகை அதன் முன் மிகச் சிறிதாகும்.

ஒரே பத்திரிகை, ஒரே காலம், ஒரே மாத்தளை. ஒரு செய்தி இலண்டனை உலுக்கிற்று, மற்றையது உலுக்கவில்லை. காரணம் யாது? சுடும்படி பிறந்த கட்டளையிற் கையொப்பம் உண்டு, கையொப்பமிட்டவனைப் பதவிநீக்கலாம். காட்டுவழியில் நீரின்றி இறப்பவனுடைய சாவில் எவருடைய கையொப்பமும் இல்லை. மேலும், அச்சாவை விசாரிக்கப் புகின் கோப்பித் தோட்டத்தின் இலாபத்தையும் விசாரித்தல் வேண்டும். அதற்கு ஆளுங்கட்சியும் ஆயத்தமாயில்லை, எதிர்க்கட்சியும் ஆயத்தமாயில்லை. ஆளும் நாட்டின் பொதுமக்கள் கருத்து ஒரு விளக்கை ஒத்தது. அது பொய்யன்று, ஆனால் ஏந்துபவன் திருப்பும் திசையையே காட்டும்.

இந்நுட்பத்தை உணர்ந்தே பின்வந்தோர் தம் வழக்கைத் தாமே எடுத்துச் சென்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மீண்டும் இராணுவச் சட்டம் கொடுமை புரிந்தது. அப்போது சேர் பொன்னம்பலம் இராமநாதன், உலகப்போரின் ஆபத்து நிறைந்த கடலைக் கடந்து இலண்டன் சென்று சிங்கள மக்களுக்காக வாதாடினார். தேசாதிபதி சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். 1848இல் ஆங்கிலேயன் ஏந்திய விளக்கை 1915இல் ஈழத்தவர் ஒருவர் தம் கையில் ஏந்தினார். பிற இனத்தவருக்காக ஏந்தினார் என்பதே அதன் சிறப்பு.

மன்னார்ப் பாதைக்கு அத்தகைய தூதுவர் அன்று வாய்த்திலர். 1914இல் தலைமன்னார் வரை புகைவண்டி வந்தது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. போரினாற் சிதைந்த பாதை 2015இல் மீண்டும் தலைமன்னாரை எட்டியது. முன்னோர் நடந்த தடம் காட்டினுள் மறைந்துவிட்டது. மாத்தளையின் வீரர் பெயர்களைப் பாடநூல்கள் போற்றுவது தகும். அவற்றின் பக்கத்தே பெயரற்றோர் நடந்த வழியையும் எழுதும்போதே 1848ஆம் ஆண்டின் வரலாறு நிறைவுபெறும். எவருடைய சாவு செய்தியாயிற்று என்பதோடு நில்லாது, எவருடைய சாவு செய்தியாகவில்லை என்றும் வினவுதலே வரலாறு கற்போர் கடனாகும்.