கடவுள் இல்லாத வீட்டில் கல்யாணமும் சாவும்

பயப்பட யாரும் இல்லையென்றால் நல்லவனாக ஏன் இருக்க வேண்டும்? கடவுளை மறுப்பவரிடம் ஊரார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ரஸ்ஸல், காம்யூ போன்ற மேலைச் சிந்தனையாளர்கள் சொன்ன பதில்களைத் தமிழில் விரும்பிப் படித்திருக்கிறோம். நம் மண்ணில் மனிதர்கள் வாழ்ந்தே சொன்ன பதில்களை அந்த அளவுக்கு ஆராயவில்லை.

1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற இதழை நடத்தினார்கள். ஆய்வாளர் வீ. அரசு அதன் இதழ்களைத் தேடித் தொகுத்தது தமிழுக்குப் பெரிய கொடை. இங்கிலாந்தின் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவைப் பின்பற்றியவர்கள் இந்தச் சங்கத்தார். ஆனால் கடவுள் உண்டா என்று கேட்ட அதே பக்கங்களில் சாதியையும் பெண்களின் நிலையையும் பற்றிக் கேட்டார்கள். இரண்டும் இங்கே ஒட்டியே பிறந்த கேள்விகள்.

பெரியார் ஒழுக்கத்துக்கு வைத்த அளவுகோல் எளியது: பிறர் நம்மிடம் எப்படி நடக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படி நாம் அவர்களிடம் நடப்பது. மதங்களும் இதைச் சொல்லியிருக்கின்றன. ஆனால் அவர் அதைக் கொண்டுபோய்க் கற்பின் மேல் வைத்துப் பார்த்தார். ஆணுக்கு இல்லாத விதி பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டார்.

அந்தக் கேள்வி மேடையேறிய இடம் சுயமரியாதைத் திருமணம். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்ததை முதலாவதாகச் சொல்வார்கள். புரோகிதர் இல்லை, நல்ல நேரம் பார்ப்பதில்லை. மாலை மாற்றி, மணமக்கள் தங்கள் வாயாலேயே உறுதிமொழி சொல்வார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தம்தான் அதைச் செல்லுபடியாக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில், சொத்துரிமைச் சிக்கல் வரும் என்று தெரிந்தும் மாலை மாற்றியவர்கள் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த வாக்குக்குக் கடவுளும் சாட்சியில்லை, சட்டமும் சாட்சியில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சனங்களே சாட்சி. அச்சமில்லாமலும் அறம் நிற்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்றை எந்தத் தத்துவ நூலிலும் நான் கண்டதில்லை.

ஆந்திரத்தில் நாத்திகர் கோரா 1940இல் நாத்திக மையத்தைத் தொடங்கினார். தன் மகளைத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணம் செய்துகொடுக்க முடிவு செய்தபோது, அதைத் தம் சேவாகிராம ஆசிரமத்தில் நடத்தலாம் என்றார் காந்தி. உறுதிமொழியில் கடவுளின் பெயருக்குப் பதில் சத்தியத்தின் பெயர் இருக்கட்டும் என்றும் இசைந்தார். காந்தி கொல்லப்பட்ட பிறகு, 1948இல் அந்த மணம் அங்கேயே நடந்தது. பக்தரும் நாத்திகரும் ஒரே அறத்தில் சந்தித்த இந்த நிகழ்ச்சியை நம் ஆய்வாளர்கள் அடிக்குறிப்போடு விட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

கல்யாணத்தை விட்டுத் துக்கத்துக்கு வந்தால் நாத்திகர்களின் எழுத்து மெலிந்துவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குக் கடவுள் இல்லை என்ற வாதம் எதையும் தராது. மேலுலகத்தில் பார்ப்போம் என்ற ஆறுதலையும் எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் என்ன வைத்தோம்? நடைமுறையில் பதில் உண்டு. இலங்கைப் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் தம் உடலையே மருத்துவக் கல்விக்கு எழுதிவைத்தார். நம் ஊர்களில் கருமாதிக்குப் பதில் படத்திறப்பு நடக்கிறது. உறவினரும் தோழர்களும் ஒவ்வொருவராக எழுந்து, போனவர் தங்களுக்கு என்ன செய்தார் என்று சொல்கிறார்கள். வாழ்க்கைக்குப் பொருள் என்ன என்ற கேள்விக்கு நேரடியான விடைகள் அந்தப் பேச்சுகளில் இருக்கின்றன. அவற்றைப் பதிவுசெய்து, குறிப்பாக அங்கே பெண்கள் பேசியதைத் தொகுத்து ஆராய்வதுதான் நாத்திக அறம் பற்றிய ஆய்வில் அடுத்து ஆகவேண்டிய வேலை.