கவ்வாத்தும் கணித்திரையும்

எழுத்து என்பது ஒலிக்கு இட்ட வடிவம். அவ்வடிவம் எதன்மேல் நிற்கின்றது என்னும் வினா பண்டை இலக்கண நூலார்க்கு எழவில்லை. கல்லும் செம்பும் ஓலையும் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவன அல்லவாதலின் அவ்வினாவுக்குத் தேவையும் இருக்கவில்லை. இன்றோ எழுத்து திரையின்மேல் நிற்கின்றது. திரையோ ஓரிடத்தும் நிற்பதில்லை. இந்நிலையில் எழுத்துக்கு உருவம் வரையும் வடிவமைப்பாளரின் பாடு நகைப்புக்கும் இரக்கத்துக்கும் ஒருங்கே உரியதாகின்றது. மணல்வீடு கட்டும் சிறுவன் அலைக்கு மட்டுமே அஞ்சுதல் வேண்டும்; இவருக்கோ அலை வருமுன்னரே கடலையே மாற்றிவிடுகின்றனர். இவர் வரைந்த எழுத்து வாழ்ந்ததா, மாய்ந்ததா என்பதைத் துணிதற்கு எதனை அளவுகோலாகக் கொள்வது? அவ்வளவுகோலை நகரத்து அலுவலகங்களில் தேடுவதினும், நுவரெலியா மாவட்டத்தில் அக்கரப்பத்தனைக்கு அப்பாலுள்ள டயகமத் தேயிலை மலைகளில் தேடுதல் தகும். அதன் காரணம் போகப்போக விளங்கும்.

தமிழெழுத்தால் அச்சிட்ட நூல் 1578ஆம் ஆண்டிலே கொல்லத்தில் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியபொழுதும் ஈய எழுத்தைக் கோத்து மையிட்டு அழுத்தும் முறையே நிலவியது. 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்தும் ஒரு சிறு பொறியில் அடங்குமாறு தட்டச்சை அமைத்தார். 1978இல் தமிழ்நாட்டரசு 13 எழுத்துக்களின் வடிவைச் சீர்செய்தது; ணை, லை, ளை, னை என்பவற்றின் துதிக்கை போன்ற கொம்பு அப்பொழுதுதான் நீங்கிற்று. இங்ஙனம் நானூறு ஆண்டுகளில் நிகழ்ந்த பெருமாற்றங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன.

கணித்திரை வந்தபின் நிகழ்ந்தவையோ விரலுக்கு அடங்கா. இலங்கையிற் பாமினி பரவிற்று. புலம்பெயர்ந்தோர் 1990களின் பிற்பகுதியில் திஸ்கி கண்டனர். 1999இல் சென்னையிற் கூடிய மாநாடு டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்களை முன்வைத்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாகிய ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தும், 2000ஆம் ஆண்டின் விண்டோசு ‘லதா’ என்னும் எழுத்துருவோடு வந்த பின்னரே பொதுமக்கள் கணினியில் அது புழங்கத் தொடங்கிற்று. ஒவ்வொரு குறியேற்றமும் முந்தியதன் குறையைத் தீர்க்கவே பிறந்தது. பிறந்தவுடன் முந்தியதில் எழுதியவற்றைப் படிக்கவொண்ணாமற் செய்தது.

இதன் உட்பொருளைத் தெளிதற்குப் பாமினியின் இயல்பை அறிதல் வேண்டும். அதில் ‘தமிழ்’ என்று எழுதுவோர் உண்மையில் எழுதுவது தமிழ் அன்று; ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்கள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். அவற்றின்மீது பாமினி தமிழுருவத்தைப் போர்த்துகின்றது. மலையகத்துக் காமன் கூத்திலே ரதியாக வந்து கண்டோர் நெஞ்சை உருக்கியவர், அரிதாரம் கலைந்ததும் மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் நிற்கும் ஆடவராகக் காணப்படுதல் போல, பாமினி இல்லாத கணினியில் அவ்வெழுத்தும் வேடம் கலைந்து நிற்கும். கூத்தரேனும் அடுத்த ஆண்டு மீண்டும் வேடம் புனைவர். எழுத்துருவைத் தொலைத்த கோப்புக்கோ அந்நற்பேறு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. இருவர் மீதும் குற்றமில்லாமலே ஏடும் பாட்டும் ஒருசேரக் கெடும் வழியைத் திரை கண்டுபிடித்தது.

இனி டயகமம். தேயிலைச் செடியைத் தன்னியல்பில் வளரவிட்டால் மரமாகிக் கைக்கு எட்டாது போய்விடும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைக் கவ்வாத்து வெட்டுவர். கவ்வாத்து வெட்டிய மலை பார்ப்பதற்கு எரிந்த காடு போலத் தோன்றும். ஆயினும் வேர் தொடப்படுவதில்லை. சில திங்களில் அதே செடி புதுக்கொழுந்து விடும். பாட்டன் வெட்டிய செடியிற் பேத்தி கொழுந்து பறித்தல் இதனாலேயே இயல்வதாகின்றது. அளவுகோல் இதுவே. உருவை வெட்டி வேரைக் காக்கும் மாற்றம் கவ்வாத்து. வேரையே மாற்றுவது பிடுங்கல்.

இவ்வளவுகோலால் அளப்பின் 1978இன் சீர்திருத்தம் கவ்வாத்தே. பழைய ‘லை’யைப் படித்தோர் புதிய ‘லை’யையும் படித்தனர். குறியேற்றங்களை அடுத்தடுத்து மாற்றியது பிடுங்கல். இணையப் பாடங்கள் பலவற்றுக்கு அடிப்படையாயிருந்த ஃபிளாஷ் என்னும் மென்பொருள் 2020 டிசம்பர் 31ஆம் நாள் கைவிடப்பட்டதும், அதனையே நம்பிச் செய்த பாடங்கள் ஊமையாயினமையும் அவ்வகையினவே. உழைத்தவர் எவரும் தம் தொழிலிற் பிழை செய்யவில்லை. நிலத்தை வாடகைக்குப் பெற்று மரம் நட்டதே பிழை.

இஃது அழகு பற்றிய வழக்கு மட்டுமாயின் இத்துணை கவலைக்கு இடமில்லை. மலையகத்தில் எழுத்து என்பது பிழைப்பு. அங்கே ‘பேர்’ என்பதே ஒருநாட் கூலிக்குப் பெயர். செக்ரோலில் விழுவது முழுப்பேரா அரைப்பேரா என்பதைப் பொறுத்தே அடுப்பு எரியும். 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1949இன் சட்டத்தின்கீழ்த் தம் வதிவைச் சான்றுகளால் நிறுவுமாறு கேட்கப்பட்டனர். 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாட்டுக்கும் பங்கிட்டது. 2003இன் சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. இவ்வரலாறு முழுவதும் ஒரு தாளில் ஒரு பெயர் இருந்ததா, இல்லையா என்பதன் வரலாறு. அத்தகையோரின் பெயர் தாளிலிருந்து திரைக்கு ஏறும்பொழுது கட்டங்கட்டமாகச் சிதையுமாயின், அதனைத் தொழில்நுட்பக் குறை என்று மென்மையாகச் சொல்லி அமைதல் எங்ஙனம்?

பெயர்க்கு உற்றது இலக்கியத்துக்கும் உறும். மீனாட்சி அம்மாள் தோட்டந்தோறும் பாடிய பாட்டும், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களும் அச்சேறியமையால் எஞ்சின. பின்வந்த தலைமுறையின் பாடசாலை மலர்களும் கோயில் மலர்களும் பல பாமினியிற் கோக்கப்பட்டவை. சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் ஏடுகளைத் தேடிய காலத்தில் ஏட்டை அரித்தது செல். இன்று எழுத்தைக் கையிலேந்தித் திரிவதும் செல். முன்னையது அரிப்பது கண்ணுக்குப் புலனாயிற்று என்பதே வேறுபாடு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழாவணங்களை மின்வடிவில் காத்துவருவது இவ்விழப்புக்கு எதிரான பெரும்பணியாம்.

ஒருங்குறியும் குறையற்றதன்று. தொல்காப்பியம் மெய்யைப் புள்ளியோடு இயல்வதாகக் கொள்ள, ஒருங்குறியோ அகரமேறிய மெய்யை அடியாக வைத்துப் புள்ளியைப் பின்னர் ஒட்டுகின்றது. அதனால் மூன்றெழுத்தாகிய ‘தமிழ்’ அங்கே ஐந்து குறியாகின்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் வேண்டும் என்போர் கூறும் தடை நியாயமானதே. ஆயினும் எவரும் படிக்கவியலாத செம்மையினும் யாவரும் படிக்கும் குறையே மேலானது. இலக்கணப் பிழையுள்ள கடிதம் வீடு சேரும்; முகவரியில்லாத காவியம் அஞ்சலகத்திலேயே கிடக்கும்.

வேர் இங்ஙனம் ஒருவாறு நிலைபெற்றபின் வடிவமைப்பாளர்க்கு வேலை இல்லையோ எனின், அப்பொழுதே உண்மையான வேலை தொடங்குகின்றது. திரையின் வரியிடைவெளி பெரும்பாலும் உரோமன் எழுத்தை எண்ணி வகுக்கப்பட்டது. அங்கே ‘கீ’யின் சுழி மேலேயும் ‘ஞு’வின் வால் கீழேயும் அறுபடுகின்றன, ஆங்கிலச் சொல்லுக்கு வரைந்த சிறு பொத்தானில் தமிழ்ச்சொல் பாதியிலே மூச்சுத் திணறுகின்றது. இவற்றைத் திருத்தல் கவ்வாத்துக் கத்திக்குரிய பணி. மலேசியாவின் முத்து நெடுமாறன் இதற்கு நல்ல சான்று. 1985இல் ‘முரசு’ கண்ட அவர், 2005இற் கைபேசிக்குச் ‘செல்லினம்’ தந்தார். ஆப்பிள் கணினிகளிலுள்ள ‘தமிழ் சங்கம் எம்.என்.’ அவர் பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கி நிற்கின்றது. கருவிகள் பல மாறியும் தமிழைக் கருவிதோறும் கொண்டு சேர்த்தமையே அவர் வளைவுகளின் அழகினும் சிறந்த அழகு.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின், மலையகத்துப் பிள்ளைகள் பலர் அலைத்தொடர்பு நாடி மேட்டுக்கு ஏறிப் பாடங் கேட்டனர். அம்மேட்டில் ஏறிய பிள்ளைக்கு எழுத்துருவின் நளினம் இரண்டாவது. வந்த பாடம் படிக்க இயல்வதாயிருத்தல் முதலாவது. திரைத் தமிழை மதிப்பிடுவோர் இவ்வரிசையை மாற்றுதல் ஆகாது. கல்லூரிகளின் பழங்கணினிகளிலும் வட்டுக்களிலும் பாமினிக் கோப்புக்கள் இன்னும் உறங்குகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. மாற்றியதை ஒப்புநோக்கிப் பிழைதிருத்தும் பொறுமையே அருமை. பதிப்பாசிரியர்க்குரிய அப்பொறுமையை மாணவர் பயில்வதற்கு இதனினும் ஏற்ற களம் வேறில்லை. அவ்வட்டுக்களைத் திறக்கவல்ல கணினிகள் குறைந்து வருதலின், அதற்குரிய காலமும் நீண்டதன்று.