நடு ஆசனத்துச் சிறு மெத்தை

விமானியை ஆபத்தில் வெளியேற்றும் ஆசனங்களை நிர்மாணித்த அனுபவத்தோடு ஸ்வீடன் தேசத்துக் கார் நிறுவனமான வோல்வோவுக்கு வந்த நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் ஒருசேரத் தழுவும் மும்முனை இருக்கைப் பட்டையை 1959-இல் வகுத்தளிக்க, அதைப் பிற நிறுவனங்களும் கையாளும்படி வோல்வோ திறந்துவிட்ட ஔதாரியத்தை நான் பெரிதும் போற்றுகிறேன்.

அந்த மரபில் வந்து 2014-இல் புத்துருவம் பெற்ற எக்ஸ்சி90, ஏழு பேர் அமரும் குடும்ப வாகனம். தோர் என்னும் தேவனின் சுத்தியலை நினைவூட்டும் அதன் முகவிளக்குகள் சௌந்தர்யம் மிக்கவையே. ஆயினும் என் மனம் லயிப்பது, இரண்டாம் வரிசையின் நடு ஆசனத்திலிருந்தே மேலெழும்பி, பட்டை பிஞ்சுக் கழுத்தை உரசாமல் தோளில் படியுமாறு குழந்தையை உயர்த்தி அமர்த்தும் சிறு மெத்தையில்தான். தேவை தீர்ந்ததும் அதை அமுக்கிவிட்டால், பெரியவர் ஒருவர் சௌகரியமாக அங்கே அமரலாம்.