நான்காவது ரூட்டர் எதற்கு?

ஆயுத பூஜையன்று மதுரையில் ஒரு மரப் பட்டறைக்குள் போனால், அதன் சொத்துக் கணக்கை யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். ரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பக்கத்தில், வயரைத் தன் மேலேயே சுற்றிக்கொண்டு ரூட்டர்கள் உட்கார்ந்திருக்கும். ஒன்று இருந்தால் சரி. சில பட்டறைகளில் மூன்று, நான்கு இருக்கும். அவற்றில் ஒன்றாவது பூஜைக்கு மட்டும் வெளியே வரும் ரகம். அதைத் துடைத்த துணியின் நிறமே சொல்லிவிடும்.

மரவேலை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ரூட்டர் என்பது ஒரு மோட்டார், அதன் முனையில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலட், கீழே ஒரு தட்டையான அடித்தட்டு. காடி எடுக்கும், பலகை ஓரத்தை உருட்டும், கீலுக்கும் பூட்டுக்கும் குழி வெட்டும், டெம்ப்ளேட்டை ஒட்டி வளைவு வெட்டும். அதன் தம்பி ட்ரிம்மர். ஒரு கையில் அடங்கிவிடும். ப்ளைவுட்டில் ஒட்டிய மைக்காவின் ஓரத்தைச் சீவுவதுதான் அதன் முதல் வேலை. மக்கிட்டா 3709 ட்ரிம்மர் 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று. பாஷ் ஜிகேஎஃப் 550 என்றால் 33,000 சுற்று. பெரிய ரகத்தில் பாஷ் ஜிஓஎஃப் 130 ஒரு நல்ல உதாரணம்: 1,300 வாட்; வேகத்தை 11,000 முதல் 28,000 சுற்று வரை நாமே வைத்துக்கொள்ளலாம்.

பிட்டை மாற்றினால் வேலை மாறிவிடும் என்பதுதான் இந்தக் கருவியின் பெருமையே. அப்படியானால் பெரியது ஒன்று, சிறியது ஒன்று போதாதா?

போதும் என்று சட்டென்று சொல்லிவிடுபவர்கள் பெரும்பாலும் ரூட்டரைப் பிடித்துப் பார்க்காதவர்கள். ஒரு பேனல் கதவை எடுத்துக்கொள்வோம். நிற்கும் சட்டத்தின் உள் ஓரத்தில் ஒரு நெளிவும் காடியும் ஓடும். குறுக்குச் சட்டத்தின் முனையில் அதற்கு நேர் எதிர் வடிவம் வெட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தால்தான் கதவு. இதற்கு இரண்டு பிட். இரண்டின் உயரமும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் மூட்டில் படிக்கட்டு தெரியும், பாலிஷ் போட்ட பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் தச்சர் முதலில் கழிவு மரத்தில் வெட்டிப் பார்ப்பார், கொஞ்சம் ஏற்றுவார், மறுபடி வெட்டுவார், கொஞ்சம் இறக்குவார். ஒருவழியாகச் சரியாக வந்ததும், அதே மெஷினில் அடுத்த பிட்டைப் போட அந்த உயரத்தைக் கலைக்க வேண்டும். வேலை முடிகிற நேரத்தில் ஒரு சட்டம் வெடித்துவிட்டது, புதிதாக ஒன்று வெட்ட வேண்டும் என்றால் கதை மறுபடி முதலிலிருந்து. இரண்டு ரூட்டர் இருந்தால் இரண்டிலும் பிட் ஏறியபடியே இருக்கும், எடுத்தால் வெட்டும். ஆக, இரண்டாவது மெஷினுக்குக் கொடுக்கும் பணம் இன்னொரு மோட்டாருக்கான விலை அல்ல, கலையாத ஒரு செட்டிங்குக்கான விலை.

இது மின்சாரக் காலத்துப் பழக்கமும் அல்ல. இங்கிலாந்தில் கையால் வேலை செய்த தச்சர்கள் வைத்திருந்த குழிவு, உருட்டு இழைப்புளிகளின் முழுத் தொகுதி 36. ஒவ்வொரு வளைவு அளவுக்கும் ஒரு ஜோடி வீதம் 18 ஜோடி. அதில் பாதி வைத்திருந்தவரும் 18 இழைப்புளிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் இந்தக் கூட்டத்தையே ஒழித்துக்கட்டப் பார்த்தது. முதலில் 45ஆம் எண் இழைப்புளி வந்தது. 1897இல் 55ஆம் எண். ஐம்பதுக்கும் மேற்பட்ட அலகுகள், ஒரே உடல். எல்லா வேலையும் செய்யும் என்றார்கள். செய்யவும் செய்தது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் திருகுகளைத் திருகிச் சரிசெய்வதற்குள் பொறுமை போய்விடும் என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. பிட்டை மாற்றி மாற்றி ஒரே ரூட்டரை ஓட்டுவது அந்த 55ஆம் எண்ணின் வழி. செட்டிங்குக்கு ஒரு மெஷின் என்பது பழைய 36இன் வழி. தச்சரின் பெட்டியில் எட்டுப் பத்து உளிகளைப் பார்த்து யாரும் ஊதாரி என்று சொல்வதில்லை. அரை அங்குல உளி கால் அங்குல வேலைக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மதுரைப் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அதற்குப் பெயர் முகூர்த்தம். தை பிறந்தால் கிரகப்பிரவேசங்கள் வரிசை கட்டும். பத்திரிகை அடித்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, பூஜை அறைக் கதவு மட்டும் இன்னும் பட்டறையில் படுத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து ரூட்டர் புகையும். இந்த மெஷின்களில் இருப்பது கார்பன் பிரஷ் உரசி ஓடும் மோட்டார். மரத்தூள் உள்ளே போனால் பிரஷ் சீக்கிரம் தேயும். விடாமல் அழுத்தி ஓட்டினால் ஆர்மேச்சர் கருகும். பிரஷ் என்றால் நின்ற இடத்திலேயே மாற்றலாம். ஆர்மேச்சர் என்றால் காயில் கட்டும் கடைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு சாதாரண ட்ரிம்மரின் விலை தச்சரின் சில நாள் கூலிக்குள் அடங்கிவிடும். தேதி தள்ளினால் போகும் நல்ல பெயருக்கு அப்படியொரு விலைச்சீட்டு கிடையாது. கையிருப்பாக ஒன்று வைத்திருப்பதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த வாதங்களெல்லாம் பட்டறை வைத்திருப்பவருக்குத்தான் முழுதாகப் பொருந்தும். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் மரவேலையில் பெரும்பகுதி கட்டுகிற வீட்டிலேயே நடக்கிறது. காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய், சாயங்காலம் அப்படியே திரும்புகிற வேலை. (1911இல் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய வண்டி, அங்கே இன்றும் தச்சர்களின் கருவிக் கணக்கைத் தீர்மானிக்கிறது.) அந்தப் பெட்டிக்குள் ஒரு வட்ட ரம்பம், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு பிளானர் போனபின் மீதி இடம் ஒரு ரூட்டருக்கும் ஒரு ட்ரிம்மருக்கும்தான். மூன்றாவதை வாங்கினால் அது வீட்டுப் பரணில்தான் இருக்கும். நான்கு ரூட்டர் வேண்டும் என்று சொல்லித்தரும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கார் ஷெட்டுகளில் எடுக்கப்பட்டவை. 1989 முதல் 2009 வரை அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ‘தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்’ நடத்திய நார்ம் ஏப்ரம் ரூட்டரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். மெஷின்களை இருந்த இடத்தில் விட்டுவைக்கும் வசதி அவருடைய பட்டறைக்கு இருந்தது.

இனி குற்றப்பட்டியல்.

மரத்தை வெட்டுவது மெஷின் அல்ல, பிட். இந்த எளிய விஷயம் கடையில் நிற்கும்போது மறந்துபோகிறது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருக்கிறது. ப்ளைவுட்டில் பசை அடுக்கடுக்காக இருக்கிறது. இரண்டுமே கூர்மையைத் தின்பவை. சாதாரண எஃகு பிட் இவற்றில் வெகுநேரம் தாங்காது. கார்பைடு முனை வைத்தது வேண்டும், அதிலும் நல்ல கார்பைடு வேண்டும். மூன்று மெஷின் வைத்துக்கொண்டு, பெட்டியோடு மலிவாகக் கிடைத்த பிட்களைப் போட்டு மரத்தைக் கருக்கும் பட்டறைகள் உண்டு. கருகிய ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு பையன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். மூன்றாவது மெஷினின் பணத்தில் இரண்டு தரமான பிட் வாங்கியிருந்தால் அந்தத் தேய்ப்பே இருந்திருக்காது.

அடுத்தது வேகம். மலிவான மெஷின்கள் பலவற்றில் வேகத்தைக் குறைக்கும் வசதி இல்லை. 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேனல் பிட்டை 22,000 சுற்றில் ஓட்டினால் அதன் ஓரம் மணிக்கு சுமார் 207 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும். அந்த வேகத்தில் பிட் மரத்தைக் கவ்வினால் மெஷின் கையிலிருந்து திமிறும். பிட்டின் துண்டு தெறித்தால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வேகக் கட்டுப்பாடு உள்ள ஒரு நல்ல ரூட்டரும், அதைத் தலைகீழாகப் பொருத்தத் தானே செய்த ஒரு ப்ளைவுட் மேசையும் இருந்தால், அது கட்டுப்பாடில்லாத மூன்று மெஷின்களைவிடப் பாதுகாப்பானது. இந்த இடத்தில் எண்ணிக்கை உதவாதது மட்டுமல்ல, ஆபத்தை மறைக்கவும் செய்கிறது. ‘நம்மிடம்தான் நாலு இருக்கிறதே’ என்ற தெம்பில் சரியான ஒன்றை வாங்காமலே காலம் ஓடிவிடும்.

தூசு இன்னும் பெரிய குற்றம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது 1995இல். எம்டிஎஃப் பலகையின் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் பிறகு அதே பிரிவுக்குப் போனது. ரூட்டரைப் போல நுண்ணிய தூளைப் பறக்கவிடும் கைக்கருவிகள் குறைவு. அதன் அடியில் உறிஞ்சு குழாய் மாட்ட இடம் கொடுத்தே பல மெஷின்கள் வருகின்றன. அந்த இணைப்பு அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நான்கு ரூட்டர் இருக்கும் பட்டறையில் ஒரு வேக்யூம் இல்லையென்றால் அங்கே முன்னுரிமை தலைகீழாக இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். முகத்தில் கட்டிய துண்டு அதற்கு மாற்று ஆகாது.

தொழில் கற்க வந்த பையன்களுக்கும் இதில் ஒரு நஷ்டம் உண்டு. ‘அதைத் தொடாதடா, செட்டிங் மாறிடும்’ என்பது பல பட்டறைகளில் கேட்கிற அதட்டல். எல்லா மெஷினும் செட்டிங்கோடு தயாராக இருந்தால் பையன் ஓட்டக் கற்றுக்கொள்வான், செட்டிங் வைக்கக் கற்றுக்கொள்ள மாட்டான். ரூட்டர் வேலையில் பாதி அறிவு அந்தச் செட்டிங்கில்தான் இருக்கிறது. தனியாகத் தொழில் தொடங்கும் நாளில், கையில் ஒரே மெஷினோடு நிற்கும்போதுதான் அவனுக்கு இது உறைக்கும்.

அரசு உதவிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள்; தச்சு அதில் ஒன்று. கருவிகளுக்கென 15,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்த வடிவில் அதை ஏற்க முடியாது என்று மறுத்த தமிழ்நாடு அரசு, 2025 ஏப்ரல் 19 அன்று குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது: 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். இரண்டிற்கும் இடையிலான அரசியல் தனிக்கதை. தச்சருக்கு முன்னால் உள்ள கேள்வி, வருகிற பணத்தில் எதை வாங்குவது என்பதுதான். மெஷின் என்றால் பில் போடலாம், நிறுத்தி வைத்துப் படம் எடுக்கலாம். கார்பைடு பிட், உறிஞ்சு குழாய், காதுக்கு மஃப் என்று பட்டியல் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்காது. பட்டறைக்கு உண்மையில் குறைவாக இருப்பவையோ பெரும்பாலும் இவைதான்.

ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மெஷின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் வேலையை எழுதச் சொல்ல வேண்டும்: ‘கீல் குழி’, ‘3 எம்எம் ரவுண்ட்’, ‘மைக்கா’, ‘கதவு நெளிவு’. எழுத முடிந்தால் எண்ணிக்கை நான்கானாலும் நியாயம்தான். டேப்பில் எழுத ஒன்றும் தோன்றாத மெஷின் கழுத்தில் விலைச்சீட்டு மாட்ட வேண்டியது.

இந்தச் சோதனையின் விடையும் மாறிக்கொண்டே வருகிறது. பூஜை அறைக் கதவின் பூ வேலைப்பாடு இப்போது சிஎன்சி கடைக்குப் போகிறது. எட்டுக்கு நான்கு பலகையைப் படுக்கவைத்து, கோப்பை ஏற்றிவிட்டால் இயந்திரமே வெட்டிக்கொள்கிறது. அங்கே சுழல்வதும் ஒரு ரூட்டர்தான், பிடித்திருக்கும் கைதான் வேறு. மேலிருந்து இறங்கும் பிட்டால் அடிப்பக்கம் குடைய முடியாது என்பதால், இலுப்பையிலும் தேக்கிலும் செய்யும் தேர்ச் சிற்பங்களும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பங்களும் இன்னும் உளியை நம்பியே இருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்டது கை ரூட்டர். அலங்காரம் சிஎன்சிக்குப் போய்விட்டது, சிற்பம் உளியை விட்டு நகரவில்லை. அதனால் பட்டறைகளில் முதலில் சும்மா உட்காருவது அதிக விலை கொடுத்து வாங்கிய பெரிய ரூட்டர்தான். ட்ரிம்மருக்கு இன்னும் ஓய்வில்லை, ஏனென்றால் வீட்டில் ஒட்டிய மைக்காவை அங்கேயே நின்று சீவ வேண்டியிருக்கிறது. ஆனால் மாடுலர் கிச்சன் செய்யும் தொழிற்கூடங்களில் எட்ஜ் பேண்டிங் மெஷின் பட்டையை ஒட்டிச் சீவியே வெளியே தள்ளிவிடுகிறது. அங்கிருந்து வரும் பெட்டிகளைப் பொருத்தப் போகிற தச்சரின் எக்ஸ்எல் பெட்டியில் இருப்பது ஒரு ட்ரில்லிங் மெஷினும் ஒரே ஒரு ட்ரிம்மரும்தான்.